புதுமுக மாணவரும் பழைய நகரங்களும்



பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்துசேரும் நாள் நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு திருநாளுக்கு ஒப்பானது. பெற்றார் பூரிப்பர், அயலார் வந்து விசாரிப்பர், கற்பித்த ஆசிரியரும் அம்மகிழ்ச்சியிற் பங்குகொள்வர். ஆயினும், பயணப் பெட்டி அடுக்கப்படும் வேளையில் வேறொரு கேள்வி மெல்லத் தலைகாட்டும். அங்கே இப்பிள்ளையை வரவேற்கப்போகிறவர் யார்? ஆசிரியரா, அன்றி மூத்த மாணவரா?

கொழும்பு முதலான நகரங்களிலுள்ள பல்கலைக்கழகங்கள் இன்று புதுமுக மாணவருக்கென ஆரம்ப நாள்கள் சிலவற்றை ஒதுக்கி, அதனைத் 'திசைமுகப்படுத்தல்' என வழங்குகின்றன. அதற்குரிய ஆங்கிலச் சொல்லின் வேர் சூரியன் எழும் திசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். கிழக்கைக் கண்டுகொண்டவனுக்கு ஏனைய திசைகள் தாமே புலப்படும் அன்றோ? இந்த ஏற்பாடு பழையதன்று. அமெரிக்காவிலே மேயின் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டில் புதிய மாணவருக்கென ஒரு வாரத்தை ஒதுக்கியதை அதன் தொடக்கமாகக் கூறுவர். ஆனால் புதியவனை 'வரவேற்கும்' வழக்கமோ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது.

கி.பி. நான்காம் நூற்றாண்டின் ஏதென்ஸ் மாநகரை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அரசியற் பெருமை மங்கிவிட்டது. கல்விப் பெருமை மங்கவில்லை. சொல்லாற்றல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாழ்ந்தனர். மாணவர் தொகையே ஆசிரியரின் புகழுக்கு அளவுகோல். ஆகவே ஒவ்வோர் ஆசிரியரின் மாணவர் கூட்டமும் துறைமுகத்திலும் பெருவழியிலும் காத்துநின்று, வந்திறங்கும் இளைஞரைத் தத்தம் பக்கத்துக்கு இழுத்துச் சென்றது. கி.பி. 336இல் அந்தியோக்கியாவிலிருந்து ஏதென்ஸ் சென்ற லிபானியுஸ் என்னும் இளைஞர், தாம் நாடிச்சென்ற ஆசிரியரிடம் போய்ச்சேரவே முடியவில்லை. வேறொரு கூட்டத்தார் அவரைப் பிடித்து, ஒரு சிற்றறையில் அடைத்துவைத்துத் தங்கள் ஆசிரியரிடமே கற்பேன் என்று சத்தியம் வாங்கிய பின்னரே வெளியே விட்டனர். பின்னாளிற் பேரறிஞராக விளங்கிய அவர் இதனைத் தம் வாழ்க்கை வரலாற்றிலே எழுதிவைத்துள்ளார்.

பிடிபட்டவனுக்கு அடுத்து ஒரு சடங்கு உண்டு. அதனை நேரிற் கண்டு வருணித்தவர் திருச்சபைத் தந்தையருள் ஒருவராகிய நசியான்ஸ் கிரகோரியார். முதலில், வந்தவனைச் சூழ்ந்திருந்து வாதத்துக்கு இழுத்து மடக்குவர். சிலர் நயமாக, சிலர் முரட்டுத்தனமாக. பின்னர் இருவர் இருவராக வரிசை வகுத்து, சந்தை வெளியூடாக நீராடு மண்டபத்துக்கு அழைத்துச் செல்வர். மண்டபம் நெருங்கியதும் ஊர்வலம் வெறிகொண்டதுபோற் கூச்சலிட்டுத் துள்ளும். 'நில்லுங்கள், உள்ளே விடமாட்டார்கள்' என்று கத்தியவாறே கதவையும் இடிப்பர். புதியவன் நடுங்குவான். அப்புறம் கதவு திறக்கும். அவன் நீராடி வருவான். வந்ததும் தம்முள் ஒருவனாக, சமமானவனாக ஏற்றுக்கொள்வர். அச்சம் விரைவில் நீங்கிவிடுவதே அச்சடங்கின் இனிய பகுதி என்கிறார் கிரகோரியார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அவருடைய நண்பர் பசிலியார் ஏதென்சுக்கு வந்தபொழுது, கிரகோரியாரும் அங்கே ஒரு மாணவரே. பசிலியாரின் அமைந்த இயல்பை அறிந்த அவர் தம் தோழர்களிடம் பேசி, இச்சடங்கு இன்றியே அவரை ஏற்றுக்கொள்ளச் செய்தார். அவர்களுடைய ஆயுட்கால நட்பு அங்கேதான் வேரூன்றியது.

அடுத்த காட்சி இரு நூற்றாண்டு கழித்து. உரோமச் சட்டங்களைத் தொகுப்பித்த யுஸ்தீனியன் பேரரசர், கி.பி. 533இல் சட்டக்கல்வி பற்றி ஓர் ஆணை விடுத்தார். சட்ட மாணவர் புதியவர்கள் மீதும், ஆசிரியர்கள் மீதுங்கூட நடத்திவந்த விளையாட்டுகளை அது இழிந்தனவென்று கண்டித்துத் தடுத்தது. கொன்ஸ்தாந்திநோப்பிளில் நகராளுநரும், பெய்ரூத்தில் மாகாண ஆளுநரோடு ஆயரும் சட்டப் பேராசிரியரும் இதனைக் கண்காணிக்குமாறு பணிக்கப்பட்டனர். அதுமட்டுமன்று. முதலாண்டு மாணவருக்கு அதுவரை வழங்கிய பெயர், இரண்டு காசு பெறும் சிறு நாணயம் ஒன்றின் பெயர். 'இரண்டு காசுப் பயல்' என்று நாம் சொல்வது போல என்க. அப்பெயரை ஒழித்த பேரரசர், இனி அவர்களைப் 'புதிய யுஸ்தீனியர்' என்று தம் பெயராலேயே அழைக்க வேண்டுமென்றார். தண்டனை விதிப்பதற்கு அதிகாரம் போதும். இழிபெயரை நீக்கித் தன் பெயரைக் கொடுப்பதற்கு வேறொன்றும் வேண்டும். அவ்வாணையில் என்னைக் கவர்ந்த பகுதி இதுவே.

ஆணை ஒரு நகரில் இருக்க, வழக்கம் மற்றொரு நகரில் முளைத்தது. இடைக்காலப் பாரிஸ் நகரிலே புதிய மாணவனுக்கு 'மஞ்சள் அலகு' என்று பெயர். கூடு விட்டு நீங்காத குஞ்சு என்பது பொருள். முளைத்து மூன்று இலை விடாதவன் என்று நம்மவர் சொல்வதும் அதுவே. அவனிடம் பணம் பறித்து விருந்துண்பது வழக்கமாகி, அதனைத் தடுக்கப் பல்கலைக்கழகமே பதினான்காம் நூற்றாண்டில் விதி செய்யலாயிற்று. ஜேர்மன் நாட்டிலோ அப்பெயருடன் ஒரு நாடகமும் சேர்ந்தது. புதியவன் கொம்பும் தந்தமும் முளைத்த விலங்காகப் பாவிக்கப்படுவான். கொம்பை வாளால் அறுப்பதாகவும், பல்லைக் குறட்டாற் பிடுங்குவதாகவும் நடித்து, ஈற்றில் அவன் செலவிலேயே விருந்து உண்பர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைடல்பேர்க் மாணவருக்கென இலத்தீனில் எழுந்த உரையாடல் நூலொன்று இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்கிறது.

ஆசிரியர்கள் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். பல இடங்களில் அச்சடங்கைத் தாமே பொறுப்பேற்று, கட்டணமும் விதித்து, பதிவுக்கு முன்நிபந்தனையாகவே ஆக்கிவிட்டனர்! சமயச் சீர்திருத்தவாதியாகிய மார்ட்டின் லூதரும் விற்றன்பேர்க்கில் இதிற் கலந்துகொண்டு, வாழ்வில் வரவிருக்கும் இடுக்கண்களுக்கு இஃது ஓர் அடையாளம் என விளக்கம் கூறினார். பெரியோர் கூறிய சமாதானமாயினும் அதனை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. 'பட்டுத் தேறட்டும்' என்னும் பேச்சை நானும் பலர் வாயிற் கேட்டிருக்கிறேன். பட்டவர் வாயிற் கேட்டது அரிது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டு மாணவர், புதியவரை ஓராண்டு முழுவதும் ஏவலாளராக வைத்திருக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது; 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. நாளடைவில் இங்கும் ஒரு வழக்கம் வேரூன்றி, அதற்குத் தமிழிற் 'பகிடிவதை' என்று பெயர் நிலைத்தது. முற்பாதி ஏதென்ஸ், பிற்பாதி ஜேர்மனி. அச்சொல்லின் முற்பாதியைச் சொல்லியே பிற்பாதியைச் செய்து வந்தனர், உயிர்களும் போயின. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், கடுங்காயம் விளைத்தாற் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கிறது. யுஸ்தீனியன் ஆணைக்கும் இதற்கும் இடையே 1465 ஆண்டுகள்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் மூன்றாம் வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டான். காரணம் கூறவில்லை. தந்தையார் அவனை என்னிடம் அழைத்து வந்து, ''அதிபர் ஐயா, நீங்கள் சொன்னாற் கேட்பான்'' என்றார். அப்பிள்ளை நிலத்தைப் பார்த்தவாறே இருந்தான். கல்வியின் சிறப்பைப் பற்றி நான் பேசிய எதுவும் அவன் செவியில் ஏறவில்லை. பேசப் பேச எனக்கே என் சொற்கள் வெறுமையாகப் பட்டன. முதல்வாரத்து வைபவங்களைப் பற்றிக் கேட்டேன். உபவேந்தர் பேசினார், பீடாதிபதி பேசினார், நூலகத்தைக் காட்டினார்கள், எல்லாம் நன்றாகவே நடந்தன என்றான். ''மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும், சேர்'' என்று மட்டும் சேர்த்துச் சொன்னான்.

ஐந்து மணிக்குப் பிறகு விடுதி; விடுதியிலே மற்றைய வரவேற்பு. மேடையும் ஒலிபெருக்கியும் பகலுக்கு உரியவை. அந்த மாலைப் பொழுதுக்கு ஒரு விரிவுரையாளரோ, கிரகோரியாரைப் போன்ற ஒரு மூத்த மாணவரோ இல்லாத இடத்தில், திசைமுகப்படுத்தல் பாதி நாளுக்கே செல்லும்.

மீண்டும் ஏதென்சுக்கே திரும்புகிறேன். கி.பி. 362 அளவில், யுனாப்பியுஸ் என்னும் பதினாறு வயதுப் பையன் கடுங்காய்ச்சலோடு கப்பலில் வந்திறங்கினான். அவன் நாடிவந்த ஆசிரியர் புரொஹேரேசியுஸ் அப்போது எண்பத்தேழு வயது முதியவர். பையன் பிழைத்தெழுந்தான், சடங்குநாள் வந்தது. முதியவர் தம் மாணவரை அழைத்து, கேலியும் கூச்சலும் இன்றி, தம் சொந்த மகனை அழைத்துச் செல்வதுபோல் அவனை நீராடு மண்டபத்துக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அவர்கள் அவ்வாறே செய்தனர். யுனாப்பியுஸ் வளர்ந்து, தம் காலத்து ஆசிரியர்களின் வரலாறுகளை நூலாக எழுதியபோது, இச்செய்தியையும் மறவாமல் அதிற் சேர்த்தார்.