மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அறிதிறன் குறைபாடு அளவீட்டுக்குள் வந்த வரலாறு

பாரிஸின் சால்பேட்ரியேர் மருத்துவமனையில் ழான் மர்தேன் ஷார்கோ 1868இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயை விவரித்தபோது நடுக்கத்தோடும் பேச்சுத் தடுமாற்றத்தோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. நினைவாற்றல் நலிவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறிப்பிட்டார். எம்.எஸ். நோயில் அதிகம் பாதிக்கப்படுபவையாக இன்றைய ஆய்வுகள் காட்டுவதும் இவற்றைத்தான். ஆனால் அவர் கண்டது அளவீட்டுக்குள் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1926இல் காட்ரெல், கின்னியர் வில்சன் இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர். உணர்ச்சி மாற்றங்களே அவர்கள் கண்ணில் பட்டன; அறிவாற்றல் இழப்பு அற்பமானது என்று முடிவு செய்தனர். நேர்காணலில் தெளிவாகப் பேசுபவரின் சிந்தனை வேகம் குறைந்திருப்பது எளிதில் வெளிப்படாது. ஜான் கர்ட்ஸ்கே 1955இல் வகுத்து 1983இல் விரிவாக்கிய ஊனமானி, 4ஆம் புள்ளிக்கு மேல் பெரும்பாலும் நடக்கும் தூரத்தையே சார்ந்தது. நன்றாக நடப்பவர் நலமாக இருப்பதாகக் கணக்கானார். 1975இல் வந்த மினி மென்டல் சோதனையும் உதவவில்லை. தேதி, இடம் கேட்கும் அந்தச் சோதனையில் எம்.எஸ். நோயாளிகள் பலர் எளிதாகத் தேறிவிடுவார்கள்.

திருப்பம் 1991இல் ஸ்டீபன் ராவ் குழுவினரின் ஆய்வால் வந்தது. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் பார்த்தால் நோய் முற்றியவர்களே கணக்கில் மிகுவார்கள். ராவ் சமூகத்தில் வாழும் 100 நோயாளிகளை, வயதும் கல்வியும் ஒத்த நலமான 100 பேரோடு ஒப்பிட்டார். நோயாளிகளில் 48 பேரும் நலமானவர்களில் 5 பேரும் குறைபாடுடையவர்களாகத் தெரிந்தனர். வித்தியாசம் 43. அதைவிட முக்கியமாக, இந்தக் குறைபாட்டுக்கும் உடல் ஊனத்துக்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. ஊனம் ஒத்திருந்தும் அறிதிறன் குறைந்தவர்கள் வேலையில் நீடிப்பது அரிதாக இருந்தது. சோம்பல் என்றும் அக்கறையின்மை என்றும் இவர்கள் எத்தனை காலம் பழி சுமந்திருப்பார்கள்!

அடுத்த சிக்கல் நேரம். முழுமையான நரம்பு உளவியல் சோதனை மணிக்கணக்கில் நீளும். அதற்கான உளவியலாளர் எல்லா ஊரிலும் இல்லை. 1990களில் பாசாட் என்னும் சோதனை பரவியது. நியூசிலாந்தில் தலைக்காயம் பட்டவர்களுக்காக கிரான்வால் உருவாக்கியது இது. 3 நொடிக்கு ஓர் எண் ஒலிக்கும். அதை முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். 3, 5, 2 என்று ஒலித்தால் விடை 8, 7. நோயாளிகளை இது மிகவும் பதற்றப்படுத்தியது. கணக்கில் வல்லவர்களுக்குச் சாதகமாகவும் அமைந்தது. மெல்ல மெல்ல அதன் இடத்தை ஆரன் ஸ்மித் 1973இல் வெளியிட்ட குறியீடு-இலக்கச் சோதனை பிடித்தது. தாளின் மேலே ஒன்பது குறிகளுக்கு ஒன்பது இலக்கங்கள் தரப்பட்டிருக்கும். கீழே வரிசையாக வரும் குறிகளுக்கு உரிய இலக்கத்தை 90 நொடிக்குள் இயன்றவரை சொல்ல வேண்டும். வாயாலேயே சொல்லலாம் என்பதால் கை பலவீனம் குறுக்கிடாது. மையலின் உறை சிதைந்து நரம்புச் செய்தி தாமதமாகும் நோயில், வேகத்தை அளக்கும் எளிய கருவி இதுவே என்பது என் கருத்து.

நோயாளியிடமே கேட்டு அறியும் முயற்சி தந்த பாடம் வேறு. 2003இல் பெனடிக்ட் குழுவினர் அமைத்த 15 கேள்விப் படிவத்தில், நோயாளி தமக்கே இட்ட மதிப்பெண் மனச்சோர்வோடு இணைந்து ஏறியது. உடன் வாழ்பவரின் மதிப்பீடே சோதனை முடிவுகளோடு நெருங்கி நின்றது.

2012இல் லாங்டன் குழுவினர் பரிந்துரைத்த பைகாம்ஸ், குறியீட்டுச் சோதனையோடு சொற்பட்டியல் நினைவையும் வடிவ நினைவையும் சேர்த்து 15 நிமிடத்தில் முடிகிறது. உளவியலாளர் இல்லாத சிறு மையங்களை மனத்தில் வைத்தே அது திட்டமிடப்பட்டது. 2018இல் அமெரிக்க தேசிய எம்.எஸ். சங்கம் ஆதரித்த பரிந்துரைகள், நோய் உறுதியான தொடக்கத்திலேயே ஒரு சோதனை, பிறகு ஆண்டுதோறும் மறுசோதனை என்று வரையறுத்தன. 8 வயதுக் குழந்தையிலிருந்தே இது பொருந்தும்.

மதிப்பெண் குறைவது நோயறுதி ஆகாது. மனச்சோர்வு, களைப்பு, தூக்கக் குறைவு எதுவும் அதை இறக்கலாம். சொற்பட்டியலை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்பதும் தவறு. தமிழ் பேசும் நோயாளிக்கு அவருக்குப் பழகிய சொற்களும், அவரைப் போன்ற கல்வியுடைய நலமான தமிழர்களிடம் திரட்டிய ஒப்பீட்டு மதிப்பெண்களும் வேண்டும்.