கடலின் ஆழமும் மனிதனின் அளவும்

மனிதன் தனக்கு வாய்த்த உடலோடு நிறைவு கொண்டு நின்றவன் அல்லன். பறவையைக் கண்டு பறக்க விழைந்தான். மீனைக் கண்டு மூழ்க விழைந்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளை அணிந்து நெடுந்தூரம் பறந்தார் என்றும், இறங்கும்போது வீழ்ந்து முதுகில் அடிபட்டார் என்றும் அல்மக்கரீ தமது ‘நஃப்ஹுத் தீப்’ எனும் நூலில் எழுதிவைத்துள்ளார். பறவை வாலின் துணைகொண்டே இறங்குகிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லையாம்.

இவ்விழைவு இருபதாம் நூற்றாண்டில் ஒரு கொள்கையாகவே உருப்பெற்றது. மனித குலம் அறிவியலின் துணையால் தன் இயற்கை எல்லைகளைத் தானே கடக்க வேண்டும் என்னும் அக்கொள்கைக்கு ‘டிரான்ஸ்ஹியூமனிசம்’ என்று பெயர். உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி 1957ஆம் ஆண்டில் இச்சொல்லைத் தம் கட்டுரையொன்றின் தலைப்பாக்கினார். அதே 1957இல், அவருடைய நண்பரும், இக்கொள்கைக்கு முன்னரே வித்திட்டவருமான ஜே. பி. எஸ். ஹால்டேன், இங்கிலாந்தை விட்டு இந்தியாவில் குடியேறினார். அன்னாரின் வாழ்வையும் சிந்தனையையும் நம் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று நோக்குவது சாலப் பொருந்தும். ஏனெனில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, நீரில் மூழ்குவோனின் மூச்சு.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அங்கு முத்துக் குளித்தனர். காலில் கல்லைப் பிணைத்து, ஒரே மூச்சில் இறங்கி, கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு, ஒரு நிமிடம் அளவில் மேலேறுவதே அவர்கள் முறை. 20 மீட்டர் ஆழத்தில் உடலின் மீது மும்மடங்கு அழுத்தம். நெஞ்சிலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடும். தோணியில் கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வது வழக்கம். தங்கை தாலியறுக்க எந்தத் தமையனும் பொறான் அல்லவா? கயிற்றைப் பிடித்தவனுக்கும் மூழ்கியவனின் உயிரில் பங்கிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர். நம்மை மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் உயிர்வளியின் குறைவன்று, உடலில் சேரும் கரியமில வாயுவின் மிகுதியே என்று நிறுவியவர் அவர். மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ‘இனிப் பொறுக்க முடியாது’ என்று தோன்றும் அந்தக் கணத்தின் காரணம் இதுவேயாகும். 1906இல், ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த ஆய்வின்போது, பதின்மூன்று வயது மகனுக்கும் மூழ்குடை அணிவித்துத் தந்தை கடலில் இறக்கினார். உடை பெரிதாயிருந்தமையால் உள்ளே நீர் புகுந்தது. சிறுவன் அஞ்சாது மீண்டான்.

1908இல் தந்தையும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு, மூழ்குவோர்க்குப் பெருங்கொடையாயிற்று. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவனின் குருதியிலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. அவன் விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் அவ்வாயு குமிழிகளாய் வெளிப்பட்டு, மூட்டுகளில் வலியையும், முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்முடக்கத்தையும், சிலவேளை மரணத்தையும் விளைவிக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன், எங்கெங்கே எத்தனை நிமிடம் தங்கித் தங்கி ஏறவேண்டும் என்பதை அவர்கள் அட்டவணையாக வகுத்துத் தந்தனர்.

மகன் ஹால்டேனின் சிந்தனை இன்னும் தொலைவு சென்றது. 1923இல் கேம்பிரிட்ஜில் ‘டேடலஸ்’ என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை பின்னர் நூலாக வெளிவந்து பெரும் பரபரப்பை ஊட்டியது. குழந்தைகள் தாயின் கருப்பைக்கு வெளியே வளர்க்கப்படும் காலம் வரும் என்றும், உயிரியல் மனிதனையே மாற்றியமைக்கும் என்றும் அதில் அவர் கற்பனை செய்தார். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் ‘இகாரஸ்’ எனும் நூலால் மறுமொழி தந்தார். புதிய ஆற்றல் யாவும் ஆள்வோர் கையில் மேலும் அதிகாரமாகவே முடியும் என்பது அவர் அச்சம்.

இக்கற்பனை அரபு இலக்கியம் பயின்றோர்க்கு முற்றிலும் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இப்னு துஃபைல் தமது ‘ஹய்யு இப்னு யக்ளான்’ எனும் கதையில், இந்தியத் தீவு ஒன்றில் தாயும் தந்தையுமின்றிக் களிமண்ணிலிருந்து ஒரு மனிதன் தோன்றியதாக ஒரு கூற்றைத் தருகிறார். ஆயின் அங்கே ஆசிரியரின் நாட்டம் அவன் பிறந்த விதத்தில் நின்றுவிடவில்லை. அவன் தன் அறிவால் எங்குச் சென்றடைந்தான் என்பதையே கதை விரித்துரைக்கிறது.

ஹால்டேனிடம் நாம் பெரிதும் போற்றத்தக்க பண்பு ஒன்றுண்டு. பிறர்க்குச் செய்ய எண்ணிய சோதனையை அவர் முதலில் தம் உடலிலேயே செய்துகொண்டார். 1939 ஜூன் 1ஆம் நாள் ‘தீட்டிஸ்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கி 99 பேர் மாண்டனர். அதன் காரணத்தை அறியும்பொருட்டு, அவர் தோழர்கள் நால்வருடன் இரும்பு அறையில் அடைபட்டு, கெட்ட காற்றைப் பல மணி நேரம் சுவாசித்தார். பின்னர் உயர் அழுத்தத்தில் உயிர்வளியைச் சுவாசித்த சோதனையில் வலிப்பு ஏற்பட்டு அவர் முதுகெலும்பு சேதமுற்றது. அந்த வலி நெடுங்காலம் அவரை விட்டகலவில்லை.

இந்தியாவுக்கு வந்தபின் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரம் சென்றார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் அங்கேயே புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. வாழ்ந்தபோது சோதனைக்குத் தந்த உடலை மறைந்தபின் பாடத்திற்குத் தந்தார்.

ஆயினும் அன்னாரின் கருத்துகள் யாவும் நாம் ஏற்கத்தக்கன என்று கூறவியலாது. இனத்தையும் வகுப்பையும் காட்டி மக்களைத் தரம் பிரிக்க மரபியலைத் துணைக்கழைத்தோரை 1938இல் நூலெழுதிக் கண்டித்தவர் அவர். அதே அறிஞர், 1962இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில், விண்வெளிப் பயணத்திற்கு உகந்தவராகக் கால்கள் குறுகிய மனிதரை உருவாக்குதல் பற்றியும், சிறந்தோரின் உயிரணுவிலிருந்து அவரையொத்த மக்களைப் பெருக்குதல் பற்றியும் பேசினார். இரும்பு அறைக்குள் சென்ற ஹால்டேன் தாமே இசைந்து சென்றார். காலின்றிப் பிறக்கவிருக்கும் குழந்தையிடம் இசைவு கேட்பவர் யார்? தம் வாழ்வில் கைக்கொண்ட நெறியை அவர் தம் கனவில் கைவிட்டார் என்றே கூறவேண்டும். உடல் நமக்கு அமானிதம் என்று நம்புவோர்க்கு இக்கேள்வி இன்னும் கனமானது. பிறருடைய உடலோ நமக்கு அமானிதமாகக்கூடத் தரப்படவில்லை.

இது தொலைநாட்டுத் தத்துவம் என்று நாம் வாளாவிருத்தலாகாது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. 1973இல் அங்குள்ள கடல்மீன் ஆராய்ச்சியாளர் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். ஆனால் சங்கு குளிக்கும் தொழில் நிற்கவில்லை. தோணியில் கம்ப்ரசரை வைத்து, ரப்பர்க் குழாய் வழியே காற்று செலுத்த, குளிப்பவர் நெடுநேரம் ஆழத்தில் நடமாடுகிறார். ஒரே மூச்சில் மூழ்கிய பாட்டனாரின் உடலில் நைட்ரஜன் மிகுதியாய்ச் சேர நேரமிருந்ததில்லை. குழாயில் சுவாசிக்கும் பேரனுக்கோ அந்த ஆபத்து உண்டு. உடலின் எல்லையைக் கடக்கும் கருவி கடற்கரைக்கு வந்துவிட்டது. எல்லையைச் சொல்லும் அட்டவணை எல்லாத் தோணிகளுக்கும் வந்து சேரவில்லை. கைகால் முடங்கிக் கரை திரும்புவோர் அதற்குச் சான்று.

மனிதனைக் கடந்த மனிதனை உருவாக்குவோம் என்போர் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றனர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டே. அளவை அறிந்தீர்களா? ஆழத்தில் இறங்குபவன் யார், கயிற்றைப் பிடிப்பவன் யார்? 1908இன் அட்டவணையை ஒவ்வொரு சங்குத் தோணிக்கும் எளிய தமிழில் கொண்டு சேர்ப்பது, ஹால்டேனின் கனவுகளைவிடச் சிறிய பணியே. எனினும் நம் கரையில் உயிர் காப்பது அதுவே.