வடமும் முட்டுக்கட்டையும்

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாளின் பெருந்தேர் அசைந்து வருங்கால், காண்போர் கண்கள் எல்லாம் வடம் பிடிப்போர் மீதே படியும். சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டை ஏந்தி நடக்கும் சிலரை நோக்குவோர் குறைவு. ஆயினும், வீதி முனையில் தேரைத் திருப்புவதும், விரைந்தோடாமல் தடுப்பதும், நிலையில் கொண்டு நிறுத்துவதும் அச்சிலரின் கைத்திறமே. வடம் நகர்த்தும், கட்டை நிறுத்தும். இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பதைத் தேரோட்டம் கண்ட சமுதாயம் தெளிவாக உணர்ந்திருந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் மோட்டார் வண்டியின் நூறாண்டு கடந்த வரலாறு உணர்த்துவதும் இவ்வுண்மையே. மனிதன் இதனை மறந்தபோதெல்லாம் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

குளம்பின் பிடிமானம்

வைத்தியநாதசுவாமி கோயில் கொண்டு விளங்கும் மடவார் வளாகத்திலிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு கிடக்கும். கிழக்கே சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் சென்றால் கரிசல் காடு விரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அக்கரிசல் பசையாகிச் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். அச்சேற்றிலும் மாட்டுவண்டி ஊர்ந்து சென்றதற்குக் காரணம் உண்டு. மாட்டுவண்டியில் சக்கரத்தின் வேலை பாரம் தாங்குவது மட்டுமே. மண்ணைப் பற்றி இழுப்பவை இரு மாடுகளின் எட்டுக் குளம்புகள். ஒரு குளம்பு வழுக்கினாலும் மற்றொன்று ஊன்றிக்கொள்ளும்.

மோட்டார் வண்டி இம்முறையைத் தலைகீழாக்கியது. தாங்கும் சக்கரமே இழுக்கும் சக்கரமும் ஆயிற்று. அதிலும் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுதியாகச் சுழல வேண்டியிருத்தலின், அவற்றினிடையே ஒரு வேறுபாட்டுப் பல்லிணை அமைந்துள்ளது. சேற்றிலோ இப்பல்லிணையே பகையாகிவிடுகிறது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் ஆற்றலெல்லாம் அதன் வழியே வீணாக, பிடிமானமுள்ள மற்றச் சக்கரம் வாளா நிற்கும். அந்நிலையில் காரை மீட்க, அது பின்தள்ளிய மாடுகளையே கட்டி இழுக்க நேர்ந்தது காலத்தின் நகை எனலாம்.

ஜீப்பின் தோற்றம்

ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தால் என்ன என்னும் எண்ணம் புதியதன்று. 1903-இல் ஆலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனம் அத்தகைய காரை உருவாக்கியது. அக்காலக் கார்களில் இரு சக்கரங்களுக்கே தடுப்பு இருக்க, ஸ்பைக்கர் வண்டி நான்கு சக்கரங்களுக்கும் தடுப்பு வைத்தது என்பது எண்ணத்தக்கது. வடத்தைப் பெருக்கியவர்கள் கட்டையையும் பெருக்கினர்.

ஆயினும் இவ்வமைப்பை உலகெங்கும் பரப்பியது போரே. 1940 சூலையில் அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்து, முதல் மாதிரி வண்டியை 49 நாள்களில் தரவேண்டும் என்றது. பான்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாறே செய்து முடித்தது. வில்லிசும் போர்டும் பின்னர்ப் பேரளவில் கட்டின. போர் முடிவதற்குள் 6 இலட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகள் களம் கண்டன.

இந்தியாவில் 1945-இல் மகிந்திரா அண்டு முகம்மது என்னும் பெயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. அது 1947-இல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் பங்காளர் குலாம் முகம்மது பாக்கித்தானின் முதல் நிதியமைச்சராகச் செல்ல, 1948-இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாறிற்று. போருக்குப் பிறந்த வண்டி வனத்துறைக்கும் தோட்டங்களுக்கும் உழைக்கலாயிற்று.

மலையேறும் கூலி

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் விடியுமுன்னே ஜீப்புகள் புறப்படும் காட்சியைக் காணலாம். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். காலையில் ஏறும் மலையை மாலையில் இறங்க வேண்டும். இங்கேதான் வரலாற்றின் கசப்பான பாடம் தொடங்குகிறது. நான்கு சக்கர இழுவை ஏற்றத்திற்குத் துணை செய்யும். இறக்கத்தில் காலால் மிதிக்கும் தடுப்பு, எல்லாக் கார்களிலும் போல நான்கு சக்கரங்களையுமே பற்றும். இழுவையால் அதற்கு வலிமை கூடுவதில்லை. வண்டியின் எடையும் ஏறிய ஆள்களின் எடையும் கீழ்நோக்கித் தள்ளும்.

2023 ஆகஸ்டு 25 அன்று வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தொழிலாளரை ஏற்றிவந்த ஜீப்பு ஒன்று வளைவில் பள்ளத்தில் வீழ, 9 பெண்கள் உயிரிழந்தனர். ஏறத் தெரிந்த வண்டியில் ஏறிவிட்டோம் என்னும் நம்பிக்கை இறங்கும் வழிக்குக் காவலாகாது.

பனிநாடும் தமிழரும்

வட சப்பானில் பனிக்காலத்தில் மின்கம்பிகளைப் பேணச் சென்ற தொகோகு மின்நிறுவனத்தார் ஜீப்பையே நம்பியிருந்தனர். குளிரைத் தாங்கும் வசதியுடைய, நாள்தோறும் பயன்படக்கூடிய கார் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதன் பயனாகச் சுபாரு நிறுவனம் நான்கு சக்கர இழுவையைச் சாதாரணக் காரில் பொருத்தி, 1972-இல் லியோன் வண்டியாக விற்பனைக்குக் கொணர்ந்தது. 1980-இல் ஆடி குவாட்ரோ வந்தது. பழைய ஜீப்பில் நாற்சக்கர இழுவையை வேண்டும்போது மட்டுமே பூட்டலாம். அதைப் பூட்டியபடி உலர்ந்த தார்ச்சாலையில் திரும்பினால் முன்னும் பின்னும் உள்ள அச்சுகள் ஒன்றோடொன்று முரணி டயர் தேயும். குவாட்ரோ போன்ற வண்டிகளிலோ நடுவிலும் ஒரு வேறுபாட்டுப் பல்லிணை இருத்தலின் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும்.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து கனடா சென்ற தமிழர் பலர் தொரன்ரோவிலும் மொன்றியலிலும் குடியேறினர். பனியையே கண்டறியாத அவர்களும் பனிச்சாலையில் கார் ஓட்டி வேலைக்குச் செல்ல வேண்டியவராயினர். நாற்சக்கர இழுவையுள்ள கார் இருந்தால் அச்சமில்லை என்னும் எண்ணம் அங்கே எளிதில் எழும். ஆனால், மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணம் 2008-இல் கொணர்ந்த சட்டம் இழுவையைப் பற்றியதன்று, டயரைப் பற்றியது. பனிக்காலத்தில் பனிக்கால டயர் பூட்டியாக வேண்டும். 2019 முதல் டிசம்பர் 1 தொடங்கி மார்ச்சு 15 வரை அவ்விதி நடைமுறையில் உள்ளது. நாற்சக்கர இழுவை கொண்ட காருக்கும் விலக்கில்லை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் இரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கும் என்பதே காரணம். பனிப்பாறையில் நான்கு சக்கரங்கள் காரைக் கிளப்பிவிடலாம், நிறுத்துவது டயரே.

தேர்வு

மேற்கூறியவற்றை நோக்குங்கால், வண்டியைத் தேர்வதற்கு முன் வழியைத் தேர்ந்துணர வேண்டும் என்பது பெறப்படும். இராசபாளையத்திலிருந்து மதுரைக்கு நாள்தோறும் தார்ச்சாலையில் செல்பவருக்கு இரு சக்கர இழுவை போதும். நான்கு சக்கர இழுவையால் எடையும் எரிபொருள் செலவுமே கூடும். மழைக்காலக் கரிசலிலும் மலையடிவாரத் தோப்பிலும் புகுந்து மீள வேண்டியவருக்கு, வேண்டும்போது பூட்டும் இழுவை தகும். ஆண்டில் பல மாதம் பனியில் ஓட்டுவோருக்கு எப்போதும் இழுக்கும் அமைப்பு நன்று. அதனோடு ஏற்ற டயரும் இன்றியமையாதது. தோற்றத்தைக் கண்டு மயங்கலாகாது. மலைவண்டியின் வடிவில் வரும் மகிந்திரா தார் 2023 முதல் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வகையிலும் கிடைக்கிறது.

தமிழ் வழக்கில் முட்டுக்கட்டை என்றால் முன்னேற்றத்தின் பகை என்றே பொருள் கொள்கின்றனர். தேரடியில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லார். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும். கட்டை இடத் தேர்ந்த கைகள் சிலவே. அச்சில கைகளை நம்பியே ஆயிரவர் அச்சமின்றி வடத்தை இழுக்கின்றனர்.