ஆறு செல்களின் பந்தயம்

1980களின் மின்சார ரிமோட் கார் பந்தயங்களில் ஜெயித்தது ஓட்டியவரின் கையா, பேட்டரியா என்ற சச்சரவு ஓய்ந்ததே இல்லை. பேட்டரியைப் பக்குவப்படுத்துவதும் ஓட்டும் திறமையில் சேர்த்திதான் என்பது என் கட்சி. அன்றைய பேக்கில் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் 6, வரிசையாகக் கோத்து 7.2 வோல்ட். அதில் ஒன்று சோனியானால் அதுதான் முதலில் காலியாகும். மற்ற ஐந்தும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி, துருவத்தையே புரட்டிக் கெடுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் தனியே வடித்து, எத்தனை விநாடி தாங்கியது என்று மேலே சீட்டு ஒட்டி, ஒத்தவற்றை மட்டும் சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஓட்டம் முடிந்ததும் சிறு பல்பை மாட்டி மிச்சத்தை வடித்ததும் இதே கணக்குதான். ‘பேட்டரிக்கு ஞாபகம் உண்டு, அதனால்தான் வடிக்க வேண்டும்’ என்ற பேச்சு பாதி வதந்தி.

காசுள்ளவர் பொறுக்கிய செல்களை வாங்கிவிடுவாரே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் வாங்கிய ஒற்றுமை நிலைக்காது. ஓட்ட ஓட்டச் செல்கள் ஆளுக்கொரு திசையில் போகும். சார்ஜ் ஏற்றுவதிலும் பக்குவம் வேண்டும்: நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகச் சரியும். அந்தச் சரிவைக் கவனிக்காவிட்டால் பேக் வெந்துபோகும். பின்னர் லித்தியம் பாலிமர் வந்தது: 2 செல், 7.4 வோல்ட். சீட்டும் பல்பும் மறைந்தன. செல்களைச் சமன்செய்யும் வேலை மட்டும் சார்ஜரில் செருகும் ஒரு சின்ன வெள்ளைப் பிளக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.