4கே வீடியோ எடிட் செய்யும்போது திக்கித் திணறுகிறதா? புது லேப்டாப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போனில் எடுத்த 4கே வீடியோ, போனில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதையே லேப்டாப்பில் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் படம் நின்று நின்று வருகிறது. குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். நாளைக்குள் கல்யாண வீடியோவைக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியில் பலரும் எடுக்கும் முடிவு: "லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்."

கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் பைசா செலவில்லாமல் இதைச் சரிசெய்யலாம். டைம்லைனில் திக்குகிறது என்பதற்காக, எக்ஸ்போர்ட் ஆகும் வீடியோவும் திக்கும் என்று பயப்படவும் வேண்டாம். எக்ஸ்போர்ட்டின்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேவையான நேரத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும்.

ஏன் திணறுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் எச்டி ஃப்ரேமில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே ஃப்ரேமில் (3840 x 2160) சுமார் 83 லட்சம், அதாவது 4 மடங்கு. பிக்சலுக்கு 3 பைட், விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்தால், சுருக்காத வீடியோ விநாடிக்கு ஏறக்குறைய 746 மெகாபைட் வரும். ஆனால் உங்கள் ஃபைல் 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால், விநாடிக்கு சுமார் 6 மெகாபைட்தான். நூறு மடங்குக்கும் மேல் சுருக்கம்!

இதைச் செய்வது 2003-ல் வந்த எச்.264, 2013-ல் வந்த எச்.265 போன்ற கோடெக்குகள். இவை எல்லா ஃப்ரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு முழுப் படம், அதன்பின் மாறிய பகுதிகள் மட்டும். மாதத் தொடக்க இருப்பை எழுதிவிட்டு, பிறகு வரவு செலவை மட்டும் குறிக்கும் கணக்கு நோட்டு மாதிரி. 20-ம் தேதி இருப்பு வேண்டுமென்றால் 1-ம் தேதியிலிருந்து கூட்டியாக வேண்டும். எடிட் செய்யும்போது நீங்கள் முன்னும் பின்னும் தாவுகிறீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி மறுபடி கூட்டிக்கொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் எல்லா எஃபெக்டுகளையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சீராக ஓடினால் சுமை எஃபெக்டில்தான். அப்போதும் திக்கினால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

- சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது, ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' வரைபடம் அசையவே இல்லை: சுருக்கத்தைப் பிரிக்கும் வேலை முழுவதும் சிபியு தலையில். மென்பொருளின் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் டிகோடிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.
- டிஸ்க் 100 சதவீதம்: ஃபைல்கள் பழைய ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ இருக்கலாம். எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள்.
- மெமரி நிரம்பிவிட்டது: பிரவுசர் உட்பட மற்றவற்றை மூடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வழி, பிளேபேக் ரெசல்யூஷனைக் குறைப்பது. ப்ரீமியர் ப்ரோவில் பிரிவியூ திரைக்குக் கீழேயே 1/2, 1/4 என்று தேர்வுகள் இருக்கும். டாவின்சி ரிசால்வில் 'பிளேபேக்' மெனுவில் இதே வசதி உண்டு. குறைவது பார்வைக்கு மட்டும்தான். வீடியோவின் தரம் அல்ல.

அது போதாவிட்டால், ப்ராக்ஸி. அசல் ஃபைலுக்குப் பதிலாக, எடிட் செய்ய எளிதான நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். ப்ரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் உண்டு. இலவச மென்பொருளான கேடென்லைவிலும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை: 50 மெகாபிட் அசல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 22 ஜிகாபைட். ஃபுல் எச்டி 'ப்ரோரெஸ் ப்ராக்ஸி' நகலோ விநாடிக்கு சுமார் 45 மெகாபிட். மணிக்கு சுமார் 20 ஜிகாபைட். இடம் ஒன்றும் பெரிதாக மிச்சமாகாது. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கிறது, பிக்சலும் கால்வாசிதான். அதனால்தான் சீராக ஓடுகிறது. டிஸ்கில் அந்த இடத்தை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சுமை எஃபெக்டில் என்றால், அந்தப் பகுதியை மட்டும் ரெண்டர் செய்துகொள்ளுங்கள். ப்ரீமியரில் டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு தெரியும் இடங்கள்தான் அவை. ரெண்டர் ஆனதும் பச்சையாகிவிடும்.

எதில் கவனம் தேவை?

ப்ராக்ஸி வந்துவிட்டதே என்று அசலை அழித்துவிடாதீர்கள். கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு அதுதான் வேண்டும். ஃபோல்டரின் பெயரையும் மாற்ற வேண்டாம். ஃபோகஸ் சரியா, கலர் சரியா என்று பார்க்கும்போது ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். சின்ன நகலில் மங்கல் தெரியாமல் போய்விடும்.

அப்போ எப்போதுதான் செலவு செய்வது?

மெமரி அடிக்கடி நிரம்பினால், முதலில் ரேம். 4கே வேலைக்கு 32 ஜிகாபைட் என்பது அடோபியின் பரிந்துரை. கிராபிக்ஸ் கார்டு என்றால், உங்கள் கேமராவின் ஃபார்மேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 வீடியோவை ஹார்ட்வேரிலேயே பிரிக்கும் வசதி, என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அந்த ஒரு வேலையில் கைகொடுக்காது.

எனவே முதலில் டாஸ்க் மேனேஜர், பிறகு ப்ராக்ஸி. பர்ஸைத் திறப்பது அதற்கப்புறம்தான்.