லின் கொன்வே: தொழிற்சாலைச் சுவருக்குள் இருந்த சிப்பை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்

2024 ஜூன் 9ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லின் கொன்வே தனது 86ஆவது வயதில் காலமானார். அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் அப்படியொருவர் இருந்ததே எனக்குத் தெரியவந்தது. ஊடகக் கற்கை படித்த எனக்கு இலத்திரனியல் தூரத்து விடயம். ஆனாலும், கையில் வைத்திருக்கும் போனுக்குள் இருக்கும் சிப்பின் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் பிடித்தவரின் பெயரை ஏன் கேள்விப்படவில்லை என்ற கேள்வி விடவில்லை.

1938இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். எம்.ஐ.டி எனப்படும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1962இல் இளமாணியும் 1963இல் முதுமாணியும் முடித்து, 1964இல் ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இணைந்தார். அங்கே அதிவேகக் கணினி ஒன்றை உருவாக்கும் திட்டத்தில், கட்டளைகளை எழுதப்பட்ட வரிசைக்குக் காத்திராமல், தயாராக உள்ளவற்றை ஒரே நேரத்தில் பலவாக நிறைவேற்றும் முறையொன்றை வடிவமைத்தார். வங்கியில் முன்னால் நிற்பவர் படிவம் நிரப்பி முடிக்கும்வரை வரிசையையே மறித்துவைக்காமல், ஆயத்தமாக நிற்பவர்களை ஒவ்வொரு கருமபீடத்துக்கும் அனுப்புவதைப் போல. இன்றைய வேகமான செயலிகள் அனைத்திலும் இந்த எண்ணம் இருக்கிறது.

1968இல், தான் ஒரு பெண்ணாக வாழ முடிவெடுத்துப் பால்நிலை மாற்றச் சிகிச்சைக்குத் தயாராவதை நிறுவனத்துக்குத் தெரிவித்தார். ஐ.பி.எம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. குடும்பமும் பிரிந்தது, இரண்டு பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பார்க்க முடியவில்லை. (அவரது பழைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. திருநர்களைப் பற்றிய செய்தி என்றால் பழைய பெயரையும் பழைய படத்தையும் தேடிப் போடுவது எங்கள் ஊடகங்களில் இன்னும் பழக்கமாகவே இருக்கிறது. அதனால் வாசகருக்கு எந்தத் தகவலும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.)

புதிய பெயருடன், பழைய சாதனை எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், ஒப்பந்த அடிப்படையில் நிரல் எழுதுபவராக அடியிலிருந்து தொடங்கினார். மெமோரெக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, 1973இல் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வு மையத்துக்குச் சென்றார்.

அக்காலத்தில் சிப் வடிவமைப்பு தயாரிப்பு நிறுவனங்களின் சுவர்களுக்குள் இருந்த வித்தை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி விதிகள், கணக்கற்ற அளவுகள். கல்டெக் பேராசிரியர் கார்வர் மீட்டுடன் சேர்ந்து இதை எளிமையாக்கும் வேலையில் கொன்வே இறங்கினார். அவர் வகுத்த விதிகளில் அளவுகள் எல்லாம் 'லம்டா' என்ற ஒரே அலகின் மடங்குகள்: உலோகப் பாதையின் அகலம் மூன்று லம்டா என்பதைப் போல. வீட்டு வரைபடத்தில் அடிக்கணக்குக்குப் பதிலாகப் பங்குக்கணக்கு எழுதுவது போன்றது இது. தயாரிப்பு நுட்பம் முன்னேறி லம்டா சிறிதானால், அதே வரைபடமே சிறிதாகும்.

1978இல், தான் பட்டம் பெறாமல் வெளியேறிய அதே எம்.ஐ.டிக்கு வருகைதரு ஆசிரியராகச் சென்றார். கற்பித்த அனுபவம் குறைவு, பயமும் இருந்தது. அதனால் ஒவ்வொரு விரிவுரையையும் முன்கூட்டியே கையால் முழுமையாக எழுதிவைத்தார். அந்தப் பயம்தான் பெரிய பலனைத் தந்தது என்று நான் நினைக்கிறேன். அத்தனை விரிவாக எழுதப்பட்டிருந்ததால், அக்குறிப்புகளை வைத்துக்கொண்டு வேறு பல்கலைக்கழகங்களிலும் அதே பாடத்தை நடத்த முடிந்தது. அவருடைய மாணவர்கள் பரீட்சை எழுதுவதோடு நிற்கவில்லை. மின்சுற்றுகளை வடிவமைத்தார்கள். பாடநெறி முடிந்த சில வாரங்களில் அவை உண்மையான சிப்களாகக் கைக்கு வந்தன.

அடுத்த ஆண்டு இது நாடளாவியதானது. 12 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 124 பேரின் 82 வடிவமைப்புகள், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் வழியாக வந்துசேர்ந்தன. தனித்தனியாகத் தயாரித்தால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டுப்படியாகாது. எனவே பலருடைய மின்சுற்றுகளையும் ஒரே சிலிக்கன் தட்டில் அருகருகே அச்சிட்டு, செலவைப் பகிர்ந்தார்கள். பல வீட்டுப் பலகாரத்தை ஒரே போறணையில் வேகவைப்பதைப் போல. ஒரு மாதத்துக்குள் சிப்கள் தயார். 1981இல் தொடங்கிய மோசிஸ் சேவை இதே முறையை நிரந்தரமாக்கியது. மீட்டும் கொன்வேயும் எழுதிய பாடநூல் 1980ஐ ஒட்டி வெளியாகி, விரைவிலேயே பல நாட்டு வகுப்பறைகளுக்குப் போனது.

1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்; பொறியியற் கல்லூரியின் இணைப் பீடாதிபதியாகவும் இருந்து 1998இல் ஓய்வுபெற்றார். இந்த முப்பது வருடங்களும் தன் கடந்த காலத்தை அவர் வெளியே சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது வாழ்வும் போய்விடும் என்ற அச்சம். வரலாற்றாய்வாளர் ஒருவர் ஐ.பி.எம்மின் அந்தப் பழைய திட்டத்தைத் தோண்டத் தொடங்கிய பிறகே தானாக முன்வந்து சொன்னார். பின்னர் திருநர் உரிமைகளுக்காகவும் குரல்கொடுத்தார். பெண்களதும் விளிம்புநிலையில் உள்ளவர்களதும் பங்களிப்புகள் தொழில்நுட்ப வரலாற்றிலிருந்து எவ்வாறு காணாமற்போகின்றன என்று 2018இல் கட்டுரையும் எழுதினார்.

ஐ.பி.எம் 2020 ஒக்டோபரில் இணையவழி நிகழ்வொன்றில் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. வேலைநீக்கம் நடந்து அப்போது 52 ஆண்டுகள். கொன்வேக்கு வயது 82.