மதுரைக்கால்: முள்ளும் நுண்ணோக்கியும்

களக்காட்டில் பச்சையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் நடவுக்கு இறங்குகிறவர்கள் சேத்துப்புண்ணை நோயாகவே எண்ணுவதில்லை. விரலிடுக்கில் மஞ்சளை அரைச்சுப் பூசிட்டு மறுநாளும் சேற்றில்தான் நிற்பார்கள். அது தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். உடைமுள் தைத்து, ஊக்கால் நோண்டி எடுத்த பிறகும், ஆழத்தில் தங்கிவிடும் பூஞ்சையின் கதை வேறு. அந்தக் கதைக்கு நம்ம தென்சீமையின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

வீங்கித் துளைவிட்டு, சீழோடு குருணை குருணையாய்த் தள்ளும் பாதங்களைப் பற்றி மதுரை மருந்தகத்திலிருந்து 1842இல் எழுதினார் ஜான் கில். 1846இல் கோல்புரூக் 'மதுரைக்கால்' என்ற பெயரை எழுத்தில் ஏற்றினார். அந்தக் கருங்குருணை பூஞ்சைதான் என்று நுண்ணோக்கி வழியே பார்த்து 1860இல் சொன்னவர், பம்பாயிலிருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். (கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்தவர் இவர்தான். தலைப்புப் பக்கத்தில் இவர் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் சொன்னவர் கிரே. வெள்ளைக்காரனுக்குள்ளும் மேல் கீழ் உண்டு.)

குருணையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் தோல் செல்கள் கரைந்து தெளியும், இழைகள் நிற்கும். குறுக்குச்சுவர் போட்டு, கிளைவிட்டு, நுனியில் நீண்டுகொண்டே போகிற இழைகள். திசுவுக்குள் இவை ஒன்றோடொன்று பின்னி, மெலனின் கலந்த கரும்பசையால் இறுகிக் கோட்டை கட்டிக்கொள்கின்றன. வெள்ளணுக்கள் சுற்றி நின்று முற்றுகையிடுகின்றன, உள்ளே போக முடிவதில்லை. மருந்தும் சிரமப்பட்டுத்தான் போகிறது.

ஆனால் இதே வீக்கத்தை, இதே குருணையை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. 1894இல் வின்சென்ட் அல்ஜீரியாவில் கண்ட ஒன்றுக்கும் மதுரையின் பெயரையே வைத்தார். இரண்டு வகையையும் 1913இல் தெளிவாகப் பிரித்தவர் பினோய். பூஞ்சை இழை 2 முதல் 5 மைக்ரான் பருமன். பாக்டீரியாவின் இழை 1 மைக்ரானோ அதற்கும் கீழோ. ஒல்லி இழையென்றால் நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் கேட்கும். பருத்ததென்றால் மாதக்கணக்கில் வேறு மருந்து, அறுவை, பல நேரம் காலே போய்விடும். ஒரு கூலிக்காரரின் பிழைப்பு இந்த ஓரிரு மைக்ரானில் தொங்குகிறது. ஆகவே நுண்ணோக்கியைக் காலனியக் கருவி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாரில்லை.

நோயைப் பார்க்க நோயாளியை ஒதுக்கிவைக்கும் மருத்துவப் பார்வையை ஃபூக்கோ 1963இல் எழுதிக் காட்டினார். இங்கே தகட்டுக்கு வெளியே நின்றுபோன கேள்வி எளிமையானது: அந்தக் கால் ஏன் வெறுங்காலாக இருந்தது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்கவேண்டியிருந்த சனங்களைக் கேட்டால் சொல்வார்கள். முள்ளுக்கு சாதி தெரியாதுதான். முள் தைக்கிற காலுக்கு சாதி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல். கில் எழுதி அதற்குள் 174 வருஷம் ஆகிவிட்டிருந்தது.